ஏழாம் நம்பர் கேஸ்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க சார். எனக்கு எதிர்க்காத்து ஆகாது, தொண்டை கட்டிக்கும். மணப்பாறைதானே? நானும் அங்கதான். வாராவாரம் புதன்கிழமை போறேன். சொந்தபந்தம்னு யாரும் இல்ல. ஒரு பால்வாடி டீச்சரம்மாவைப் பாக்கப் போறேன். நீங்க நினைக்கிற மாதிரி இல்ல சார், எனக்கு அறுபத்தொண்ணு முடிஞ்சுபோச்சு, அவங்களுக்கும் அம்பதைத் தொடப்போவுது. இது தொழில் விஷயம். அவங்களுக்குப் பயிற்சி குடுக்கப் போறேன்.

என்ன பயிற்சின்னா, அதை முதல்லேருந்து சொன்னாத்தான் விளங்கும்.

என் பேரு கோதண்டபாணி. மின்வாரியத்துல முப்பத்திநாலு வருஷம் வீடு வீடாப் போய் மீட்டர் கணக்கெடுத்தவன். ஆனா எங்க ஆபீஸ்ல போய் கோதண்டபாணின்னு கேட்டா யாருக்கும் தெரியாது, 'நடிகர்'னு கேட்டாத்தான் தெரியும். வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவோம். சாகுற பாகம் எல்லாம் எனக்குத்தான். மத்தவன் செத்தா ஜனங்க சிரிப்பாங்க. நான் செத்தா இன்ஜினியர் சம்சாரமே மூக்கைச் சிந்தும். சும்மா சொல்லல, போட்டோ இருக்கு.

ரிட்டயர் ஆனதும் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. வீட்டுலயும் ஆள் இல்ல. சம்சாரம் தனபாக்கியம் ஓசூர்ல மக வீட்டுல இருக்கா. பேத்தி பொறந்துச்சு, ஒத்தாசைக்குப் போனா. மூணு மாசத்துல வந்துடறேன்னுதான் போனா. பேத்தி இப்ப எல்.கே.ஜி. படிக்குது. குழந்தை வளக்கறதுன்னா சும்மாவா சார், வேலை இருந்துக்கிட்டேதானே இருக்கும்.

அந்தச் சமயத்துலதான் தில்லைநகர்ல 'மனவாசல்'னு ஒரு இடத்துல நடிக்க ஆள் தேடுறாங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். அது மனநல ஆலோசனை சொல்றதுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கற இடம். ஒரு வருஷ டிப்ளமா. கவுன்சலிங்னு சொல்வாங்களே, அதான். படிக்கிறவங்களுக்குக் கடைசியில செய்முறைப் பரீட்சை வைக்கணும். நெசமா மனசு நொந்தவனைக் கொண்டாந்து உக்காரவச்சு, இந்தாப்பா இவன்கிட்டப் பழகிக்கன்னு சொல்ல முடியுமா? அதனால மனசு நொந்த மாதிரி நடிக்க ஆள் வேணும். நான் போனேன். டைரக்டர் டாக்டர் ஜெயசீலன் எதிர்ல ஒரு நிமிஷம் அழுது காட்டினேன். அவருக்கும் கண்ணு கலங்கிருச்சு. அவரும் நம்ம ஜாதி சார், வேணுங்கறப்ப கலங்கும்.

அங்க ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு அட்டை வச்சிருக்காங்க. எனக்குக் குடுத்தது ஏழாம் நம்பர் கேஸ். வயசு அறுபது, மனைவி கமலா இறந்து ஆறு மாசம், தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, பிள்ளைங்க வெளியூர். அவ்வளவுதான் அட்டையில இருக்கும். மிச்சமெல்லாம் நம்ம கையில.

டாக்டருக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் ஒண்ணு உண்டு. உண்மைத்தன்மை. ஆலோசனை சொல்றவன் வேஷம் போடக்கூடாது, உள்ளுக்குள்ள என்ன தோணுதோ அதோட உக்காரணும், அவன் பொய்யா இருந்தா எதிர்ல இருக்கறவன் மனசு திறக்காதுன்னு சொல்வார். அருமையான பேச்சு. பின் பெஞ்சுல உக்காந்து நாலு தடவை கேட்டிருக்கேன். நாலு தடவையும் அதே இடத்துல குரல் உடையும், அதே இடத்துல கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். ஒரு கலைஞனாச் சொல்றேன், டைமிங் ஒரு நூல் பிசகாது.

பரீட்சையில அந்த உண்மைத்தன்மைக்கு மட்டும் பத்து மார்க்கு. கண்ணைப் பாத்துப் பேசினா ரெண்டு. தலையை ஆட்டினா ரெண்டு. டிஷ்யூ பெட்டியை நம்ம பக்கம் தள்ளினா ஒண்ணு. 'நான் உங்களோட இருக்கேன்'னு சொன்னா ரெண்டு. சொந்த அனுபவத்துல ஒண்ணை ரெண்டு நிமிஷத்துக்கு மிகாமப் பகிர்ந்துக்கிட்டா மூணு. அதனால வந்த புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரி தலையை ஆட்டுச்சு. எல்லாருக்கும் ஒரு சித்தப்பா செத்திருந்தார். ஒரு பையன் அவங்க சித்தப்பா போனதைச் சொல்லி உருகிட்டு, டீ குடிக்க வெளிய வந்து போன்ல 'சித்தப்பா, பரீட்சை நல்லாப் பண்ணிட்டேன்'ங்கறான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நல்லாத்தான் பண்ணான்.

அப்படிப் பதினோரு பேர் முடிஞ்சாங்க. நானும் பதினோரு தடவை அழுதேன். ஒரே அளவு, ஒரே இடம். பன்னிரண்டாவதா வந்தவங்கதான் இந்த டீச்சரம்மா. அமிர்தவல்லி.

மணப்பாறைப் பக்கம் பால்வாடியில இருபது வருஷமா வேலை. பிள்ளையை விட வர்ற பொம்பளைங்க, விட்டுட்டு உடனே போகாம அங்கேயே நின்னு அழுவாங்களாம். அதுங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலங்கறதுக்காக, லீவு நாள்ல பஸ் ஏறி வந்து இந்தப் படிப்பு படிச்சவங்க. பருத்திப் புடவை, தோள்ல ஒரு துணிப்பை. எதிர்ல உக்காந்தாங்க. பின்னால டாக்டர் மார்க்கு தாளோட உக்காந்திருக்கார்.

நான் ஆரம்பிச்சேன். கமலா போயிட்டா, வீடு வெறிச்சுன்னு இருக்கு, ராத்திரி முழுக்கக் கூரையப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன்... வழக்கமான இடத்துல தண்ணி விட்டேன். அந்தம்மா தலையை ஆட்டல. டிஷ்யூ பெட்டி பக்கம் கையே போகல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. எனக்கு எரிச்சலா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்ப சொன்னாங்க:

"ஐயா, மன்னிச்சுக்குங்க. நீங்க அழறீங்க, எனக்கு உள்ள ஒண்ணுமே ஆகல. ஏன்னு யோசிக்கிறேன். நீங்க அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே, உங்களைப் பத்தித்தானே சொல்லிக்கிட்டிருக்கீங்க. அவங்க எப்படி இருப்பாங்க?"

எப்படி இருந்திருக்கும் எனக்கு, நீங்களே சொல்லுங்க. முப்பத்திநாலு வருஷத்துல ஒருத்தர் முகத்துக்கு நேரா ஒண்ணும் ஆகலன்னு சொன்னதில்ல. ரோஷம் வந்துருச்சு. எப்படி இருப்பாளா, கேட்டுக்கன்னு சொல்ல வந்தேன். வாயில தனபாக்கியம்னு வந்துருச்சு. அட்டையில கமலா. டாக்டர் நிமிந்து பாத்தார். நான் விடல. நாடகத்துல வசனம் மறந்தா நிக்கக்கூடாது, கற்பனையா ஓட்டணும். அந்தம்மா கேக்கக் கேக்க ஓட்டினேன்.

என்ன ஓட்டினேன்னா, தனபாக்கியத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்துச்சு ஒரு தடவை. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் விஷயத்தைச் சொல்வேன். ஆபரேஷன் பண்ண டாக்டர் வெளிய வந்து என்னைப் பாத்தார், நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்னு சொல்லி, அந்த இடத்துல நிறுத்துவேன். அன்னிக்கு ஒரு நாள்ல ஏழு செட்டு ஆளுங்க வந்தாங்க. ஏழு தடவையும் நிறுத்தினேன். வந்த பொம்பளைங்க எல்லாம், இப்படிப் புருஷன் கிடைக்கணுமேன்னாங்க. கடைசி செட்டு கிளம்பினப்புறமும் நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கறேன். இவ படுத்தபடியே, அவங்க லிப்டுல இறங்கிட்டாங்க, போதும்னா. சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்புறம் ஓசூர் போன அன்னிக்கு, எதுக்கு இவ்வளவு அவசரம்னு கேட்டேன். "அங்க குழந்தை அழுதா நெசமாவே அழுவுது"ன்னா. இது ஒரு காரணமா சார்? குழந்தைன்னா அழத்தானே செய்யும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. புரியாத வசனத்தை நாடகத்துல வைக்கக்கூடாது, இருந்தாலும் வேகத்துல அதையும் சொல்லிட்டேன். சொன்னதும் அடுத்த வரி வரல. நாலு நிமிஷம் வரல. டாக்டர் பேனாவால மேசையைத் தட்டறார். அந்தம்மாவும் வாயைத் திறக்கல. நான் ஜன்னல்ல இருந்த ஏ.சி. தண்ணி சொட்டறதைப் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணுல தண்ணியும் வரல, அதுதான் எனக்கு அவமானம். பன்னிரண்டு ஆட்டத்துல அந்த ஒண்ணுலதான் வேணுங்கற இடத்துல வரல.

மணி அடிக்கிறதுக்கு முன்னால அந்தம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணு. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலங்கய்யா. ஆனா இப்ப எந்திரிச்சுப் போகணும்னு தோணல."

அவ்வளவுதான். உண்மைத்தன்மைக்குப் பத்துக்கு ரெண்டு. கண்ணைப் பாத்ததுக்கு. வந்தவரைப் பாத்து ஒண்ணும் ஆகலன்னு சொன்னது பெரிய குத்தம்னு டாக்டர் தனியா எழுதிவச்சார். எங்ககிட்டயும் ஒரு படிவம் குடுப்பாங்க. 'ஆலோசகர் உங்களிடம் உண்மையாக நடந்துகொண்டாரா?' ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம். பதினோரு பேருக்கும் ஆம் போட்டேன். இந்தம்மாவுக்கு மட்டும் இல்லைன்னு போட்டேன். உண்மையான ஆலோசகரா இருந்தா ஒரு கலைஞனை நடு மேடையில அப்படி நிறுத்துவாங்களா?

பன்னிரண்டு பேர்ல அவங்க ஒருத்தர்தான் பெயில்.

அவங்க அழல, கெஞ்சல. எங்க தப்புப் பண்ணேன்னு சொன்னாத் திருத்திக்குவேன்னு ஒரு கடுதாசி குடுத்தாங்க. விதிப்படி விசாரிக்கணுமாம். மூணு பேர் உக்காந்தாங்க. டாக்டர், ஆபீஸ் மேனேஜர், அப்புறம் மதுரையிலேருந்து வந்த ஒரு பெரியம்மா. வெளித் தேர்வாளர். என்னையும் கூப்பிட்டாங்க. அந்தப் பெரியம்மாதான் கேட்டாங்க: அட்டையில கமலான்னு இருக்கு, நீங்க வேற பேர் சொல்லியிருக்கீங்க. ஆஸ்பத்திரி விஷயம் அட்டையில இல்ல. அந்த நாலு நிமிஷம் நீங்க பேசாம இருந்தது நடிப்பா, நெசமா? நெசம்னா சொல்லிடுங்க, இந்தப் பொண்ணு பண்ணது தப்பில்ல, பாஸ் போட்டுடலாம்னாங்க.

நிலைமையைப் பாருங்க சார். நெசம்னு சொன்னா அந்தம்மா பாஸ். ஆனா நான் யாரு? வேஷத்தை விட்டுட்டு சொந்தக் கதையை உளறினவன். முப்பத்திநாலு வருஷப் பேரு என்ன ஆகறது? அந்தம்மா மூலையில துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்தாங்க. இப்படிச் சொல்லுன்னு கேக்கற பார்வை இல்ல. சும்மாப் பாத்தாங்க, அவ்வளவுதான்.

அத்தனையும் நடிப்புதாங்கம்மான்னேன். மௌனம்தான் நடிப்போட உச்சம்னும் சொன்னேன். டாக்டர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். பெரியம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க. டீச்சரம்மா 'சரிங்கய்யா'ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

பட்டமளிப்பு விழாவுல எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. 'சிறந்த மாதிரி வருகையாளர்'னு ஒரு பட்டம். ஆலோசனைக்கு வர்றவரா நடிக்கிறவருக்கு அங்க அப்படித்தான் பேரு. டாக்டர் மேடையில சொன்னார்: உண்மையா இருக்கறது எப்படின்னு இவர்கிட்டக் கத்துக்கணும்னு. பலத்த கைத்தட்டல்.

பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டாந்து கண்ணாடிச் சட்டம் போட்டேன். மாட்ட ஆணி தேடினேன். ஆணி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஓசூருக்குப் போன் போட்டேன். தையல் மெஷின் இழுப்பறையில பவுடர் டப்பாவுக்குள்ள இருக்குன்னா. எதுக்கு ஆணின்னு கேட்டா. விஷயத்தைச் சொன்னேன், உண்மைக்காகக் குடுத்திருக்காங்கன்னு. 'ஓ'ன்னா. குழந்தை கூப்பிடுதுன்னு வச்சுட்டா. நான் டப்பாவைத் திறந்தேன். ஆணியெல்லாம் பெரிசு, சின்னதுன்னு தனித்தனியாப் பொட்டலம் கட்டி வச்சிருந்தா. அதை எப்பக் கட்டினான்னு எனக்குத் தெரியாது. அதே வீட்டுலதான் நானும் இருந்திருக்கேன். மாட்டணும்னு தோணல. பீரோ மேல போட்டு வச்சுட்டேன்.

நாலு நாள் கழிச்சு மணப்பாறைக்குக் கிளம்பினேன். எதுக்குன்னா, அந்தம்மாவை மன்னிச்சுடலாம்னு. என்னை அவமானப்படுத்தினவங்க, இருந்தாலும் பெயிலாயிட்டாங்க, நம்மதான் பெரிய மனசு பண்ணணும். பால்வாடியில மத்தியானம் பிள்ளைங்க எல்லாம் வரிசையாத் தூங்குது. உக்காரப் பெரிய நாற்காலி இல்ல. பிள்ளைங்க நாற்காலியில முட்டி நெஞ்சுல இடிக்க உக்காந்தேன். வாசல்ல என்னைப் பாத்ததுமே அந்தம்மா சொன்னாங்க:

"எனக்கு உங்க மேல கோபமா இருக்குங்கய்யா. உக்காருங்க, டீ போடறேன்."

ரெண்டும் ஒரே மூச்சுல வந்துச்சு சார். எங்க வீட்டுல கோபம்னா டீ வராது. டீ வந்தா கோபம் இருக்காது, இல்ல இருந்தாலும் தெரியாது. நெசமாவே டீ போட்டாங்க. சர்க்கரை சரியா இருந்துச்சு. கோபமும் அப்படியேதான் இருந்துச்சு, முகத்துல தெரிஞ்சுது. நான் இப்படி ஒரு காட்சியைப் பாத்ததே இல்ல.

அவங்களுக்குக் கலையைப் பத்தி எடுத்துச் சொன்னேன். நடிப்புன்னா என்ன, நடிகனுக்கு மானம்னா என்ன. முழுக்கக் கேட்டாங்க. கேட்டுட்டு, "நீங்க அன்னிக்குப் பொய் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நடிப்புன்னு சொன்னாத்தான் சொல்ல முடியும்னா அப்படியே சொல்லிக்குங்க. மிச்சத்தைச் சொல்லுங்க. குழந்தை நெசமாவே அழுவுதுன்னாங்களே, அப்புறம் என்ன?"ன்னாங்க.

எனக்கு அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. மறுதேர்வு ஒண்ணு வைப்பாங்க. அதுக்கு இவங்களுக்குப் பயிற்சி வேணும். தலையை ஆட்டத் தெரியல, டிஷ்யூ நீட்டத் தெரியல. நான் வாராவாரம் வந்து ஏழாம் நம்பர் கேஸை நடிச்சுக் காட்டறேன், நீங்க பழகிக்குங்கன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. "பரீட்சைக்கெல்லாம் வேணாங்க. நீங்க வர்றதுன்னா வாங்க"ன்னாங்க. தன்னடக்கம்.

அன்னிக்குப் பிடிச்சது, போய்க்கிட்டிருக்கேன். ஆனா ஒண்ணு சார், சிஷ்யை ரொம்ப மோசம். இன்னும் தலையை ஆட்ட வரல. நான் உருகிச் சொல்லிக்கிட்டு இருப்பேன், நடுவுல கையைக் காட்டி, இந்த இடம் எனக்கு ஒட்டலங்கய்யாம்பாங்க. நான் திரும்ப முதல்லேருந்து வரணும். ஒரு தடவை கொட்டாவி விட்டாங்க. கேட்டா, ஆமாங்கய்யா, பையனுக்கு மூணு நாளாக் காய்ச்சல், தூக்கமில்ல, இன்னிக்கு உங்க பேச்சு காதுல ஏறல, ஏறுற மாதிரி உக்காந்திருக்க எனக்குப் பிடிக்கல, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. ஒரு மணி நேரம் பஸ்ல போனவனை டீயோட அனுப்பிட்டாங்க. இதே டாக்டரா இருந்தா கொட்டாவியை மூக்காலயே விட்டிருப்பார். எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரல. ஏன் வரலன்னு தெரியல. காய்ச்சல் எப்படி இருக்குன்னு மறுநாள் போன் பண்ணிக் கேட்டேன். நானாப் போன் பண்ணி ஒருத்தரை எப்படி இருக்கீங்கன்னு கேட்டது அதுதான் முதல் தடவைன்னு, கேட்டு முடிச்சப்புறம்தான் உறைச்சுது.

மறுதேர்வா? அது ஜூன் மாசமே முடிஞ்சுபோச்சு சார். அவங்க எழுதல. நான் அப்ளிகேஷன்கூட வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். பிள்ளைங்க கிறுக்கறதுக்கு ஆச்சுன்னு வாங்கிவச்சுக்கிட்டாங்க. அதுக்காகப் பயிற்சியை விட முடியுமா? இப்ப என்ன, நவம்பர். போய்க்கிட்டுத்தான் இருக்கேன்.

போன வாரம் ஒண்ணு கேட்டாங்க. ஐயா, ஏழாம் நம்பர் அட்டையில சம்சாரம் செத்துப் போயிட்டாங்க, அதனால அந்தாளு இனி அவங்ககிட்ட எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லையேன்னாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க. புத்திமதி ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை ஓசூருக்குப் போன் போட்டேன். நான் போன் போட்டா எப்பவும், 'என்ன மகாராணி, அடியேனை நினைவிருக்கா'ன்னுதான் ஆரம்பிப்பேன். அவ 'ம்'பா. அன்னிக்கு அது வாயில வரல. தனம், சாயங்காலம் ஆனா வீட்டுக்குள்ள எனக்குப் பயமா இருக்குன்னேன். குரல் வேற சரியா வரல, பாதியில கீச்சுன்னு போயிருச்சு. மேடையில அப்படிப் போனா விசில் அடிப்பாங்க.

அவ கேட்டா, "பக்கத்துல யாரு இருக்கா?"

யாரும் இல்லன்னேன்.

"நெசமாவா?"

கதவு கூடச் சாத்தித்தான் இருக்குன்னேன்.

வச்சுட்டாளோன்னு பாத்தேன், வைக்கல. பேத்தி பின்னால ஏதோ பாட்டுச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. "சாப்பிட்டீங்களா?"ன்னா. இல்லன்னேன். வழக்கமா, சாப்பிட்டேன்னு சொல்லி என்னென்ன சமைச்சேன்னு ஒரு பட்டியல் போடுவேன். அன்னிக்கு இல்லன்னுட்டேன். "போய்ச் சாப்பிடுங்க. நாளைக்குப் போன் போடுங்க"ன்னா.

போட்டேன். நேத்தும் போட்டேன்.

அதோ, நிறுத்தம் வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க சார். இன்னிக்கு டீச்சரம்மாகிட்ட அந்த ஞாயித்துக்கிழமைக் காட்சியை நடிச்சுக் காட்டணும். காலையிலேருந்து ஒத்திகை பாக்கறேன். 'யாரும் இல்ல'ங்கறேன் பாருங்க, அந்த ஒரு வரி, அதை எப்படிச் சொன்னேன்னு மட்டும் திரும்ப வரமாட்டேங்குது.